வழிநடைக் கையேடும் வரலாற்றுச் சிற்றூர்களும்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர்க்கு இருவகை நூல்கள் துணையாகின்றன. ஒன்று நூலகத்தில் அமர்ந்து கற்கும் பெருநூல். மற்றொன்று கையில் ஏந்தி நடந்துகொண்டே கற்கும் சிறுநூல். முன்னதன் பெருமையை யாவரும் அறிவர். பின்னதன் பயனைப் போற்றுவார் நம்மிடையே மிகச் சிலரே. எந்தப் பாதையில் திரும்ப வேண்டும், எந்த ஏரிக்கரையில் ஏற வேண்டும், எந்தக் கோயிற் சுவரை உற்றுநோக்க வேண்டும் என்று நடப்போர்க்கு எடுத்துரைக்கும் வழிநடைக் கையேட்டையே ஈண்டுச் சிறுநூல் என்கின்றோம். வேற்று மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு, அதிலும் ஆஸ்டின் டவுனில் வாழும் நமக்கு, அத்தகைய நூலால் விளையும் நன்மை யாது என்பதை இவ்வாண்டு மலரின் வாயிலாகச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

'நாம் இவ்வூருக்கு எப்பொழுது வந்தோம்?' என்று நம் பிள்ளைகள் வினவும்போது, 'தண்டு ஏற்பட்ட காலத்தில் வந்தோம்' என்று விடை கூறுவது நம்மில் பலருக்கு வழக்கம். அவ்விடை பொருத்தமானதே. 1809 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூர்த் தண்டை நிறுவினர். 1834 ஆம் ஆண்டில் சென்னைச் சாப்பர்ஸ் படை பெங்களூரைத் தன் இருப்பிடமாகக் கொண்டது. படைவீரராகவும், வணிகராகவும், கொத்தராகவும், பல்வேறு தொழிலாளராகவும் தமிழ் மக்கள் அக்காலத்தில் திரள் திரளாக இங்கு வந்தனர். ஆனால் தமிழின் வரலாறு இம்மண்ணில் அன்றுதான் தொடங்கியது என்று கருதுவோமாயின், நம் வீட்டிலிருந்து ஒரு காலைப் பொழுதில் நடந்து காணக்கூடிய கற்கள் அதனை மறுக்கும். அக்கற்களிடம் நம்மை அழைத்துச் செல்லும் கையேடு ஒன்றுதான் நம்மிடம் இல்லை.

ஆற்றுப்படை காட்டிய நெறி

வழிகாட்டி நூல் என்பது மேலை நாட்டார் நமக்குக் கற்பித்த புதுப்பொருள் என்று எண்ணுதல் வேண்டா. பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளே. ஆறு என்பது வழி. படுத்தல் என்பது செலுத்துதல். பரிசில் பெற்று மீள்பவன், பெறாது வருந்துபவனை எதிர்ப்பட்டு, தான் சென்ற வழியை அவனுக்கு உரைத்தலே அதன் இலக்கணம். எனவே ஆற்றுப்படையை உரைப்போன் அவ்வழியைத் தன் காலால் நடந்தறிந்தவன். நடந்தவன் நடக்கப் போகின்றவனுக்குச் சொல்வது என்னும் இந்த ஒரு பண்பே நல்ல வழிநடைக் கையேட்டுக்கு இன்றும் உயிர்நாடி.

இவ்வைந்தனுள் மலைபடுகடாம் நம் பொருளுக்கு மிக நெருங்கியது. கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெற்ற இந்நூல் 583 அடிகளை உடையது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மா என்னும் ஊரிலிருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னனைக் காணச் செல்லும் வழியைக் கூறுவது. வழியில் விலங்குகளுக்கென வைத்த பொறிகள் உள்ள இடம், பாம்பு உறையும் பள்ளம், பாசி படர்ந்து வழுக்கும் பாறை, உணவு கிடைக்கும் குடியிருப்பு, கரையோரமாக நடந்து செல்லத்தக்க சேயாறு ஆகிய அனைத்தையும் புலவர் வரிசைப்பட உரைக்கின்றார். வழியோரத்து நடுகற்களைக் கண்டால் அங்கே நின்று வணங்கி யாழிசைத்துச் செல்க என்றும் அறிவுறுத்துகின்றார். அது மட்டுமன்று. வழிகள் பிரியுமிடத்தில், பின்னே வரும் புதியவர்கள் தடுமாறாதபடி, இடத்தைத் துப்புரவு செய்து புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்றும் கூறுகின்றார். அன்பர்களே, தான் நடந்ததோடு அமையாது தனக்குப் பின் வருவோனுக்குப் புல்முடிந்து வைத்தல் என்னும் அக்கருத்தைவிடச் சிறந்த விளக்கம் வழிகாட்டி நூலுக்கு வேறு ஏது?

செங்கண்மா இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் என்பர் அறிஞர். அப்பகுதியில் பிற்காலத்து நடுகற்கள் பலவற்றைக் கண்டறிந்த தமிழ்நாடு அரசுத் தொல்பொருள் ஆய்வுத்துறை, 'செங்கம் நடுகற்கள்' என்ற தொகுதியை 1972 ஆம் ஆண்டில் வெளியிட்டது. வழியோரக் கற்களை வணங்கிச் செல்க என்று பழம்புலவர் கூறிய அதே நிலப்பகுதி, கற்களின் களஞ்சியமாக நம் காலத்தில் வெளிப்பட்டமை எண்ணி மகிழத்தக்கது.

பிற நாட்டார் பெற்ற பயன்

ஏனை நாடுகளிலும் இவ்வுண்மை விளங்கக் காண்கின்றோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான பாசேனியாசு என்னும் கிரேக்கர் தம் நாட்டை ஊர் ஊராகச் சுற்றிக் கண்டு பத்துப் பகுதிகளில் விரித்து எழுதினார். மைசினி நகரின் மதிலுக்குள்ளே பண்டை அரசர் கல்லறைகள் உண்டு என்று அவர் எழுதிவைத்த குறிப்பைப் பற்றுக்கோடாகக் கொண்டு, 1876 ஆம் ஆண்டில் சிலீமன் என்பார் அங்கே அகழ்ந்து பொன்னணிகள் நிறைந்த கல்லறைகளை வெளிப்படுத்தினார். ஏழாம் நூற்றாண்டில் நம் நாட்டிற்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், இவ்வூரிலிருந்து இத்திசையில் இத்தனைத் தொலைவில் இன்ன விகாரம் உளது என்று குறித்துவைத்தார். 1861 ஆம் ஆண்டில் இந்தியத் தொல்பொருள் அளவையாளராக அமர்ந்த கன்னிங்காம், அந்நூலையே வழித்துணையாகக் கொண்டு நடந்து, நாளந்தா முதலிய மறைந்த இடங்களை அடையாளம் கண்டார். நடந்தவர் எழுதிய நூல் ஆயிரம் ஆண்டு கடந்தும் வழிகாட்டிற்று.

இங்கிலாந்து நாட்டு வெயின்ரைட் என்பாரின் வரலாறு நம்போன்ற அலுவலகத்தாருக்கு ஊக்கம் தருவது. அவர் பேராசிரியர் அல்லர்; கெண்டல் என்னும் சிறுநகரின் நகராட்சியில் கணக்குப் பொறுப்பில் இருந்தவர். சொந்த வண்டி இல்லாதவர். விடுமுறை நாள்களில் பேருந்தில் சென்று இறங்கி, ஏரிநாட்டுக் குன்றுகள் 214 இன் மீதும் நடந்து, தாம் கண்ட பாதைகளையும் கல்வேலிகளையும் தம் கையாலேயே வரைந்து, எழுத்தையும் கையாலேயே எழுதி, 1955 முதல் 1966 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். பிற்காலத்தில் பாதைகள் மாறியமையின், பிறர் மீண்டும் நடந்து பார்த்து அவற்றைத் திருத்திப் பதிப்பித்தனர். ஒரு தலைமுறை முடிந்த புல்லை அடுத்த தலைமுறை மீண்டும் முடிய வேண்டியிருக்கின்றது என்பதையும் இதனால் அறிகின்றோம்.

ரைஸ் அவர்கள் தொகுத்த செல்வம்

இனி நம் சுற்றுப்புறத்திற்கு வருவோம். பெங்களூரைச் சூழ்ந்த சிற்றூர்களின் கல்வெட்டுகளுக்குத் தனிப்பெரும் வழிகாட்டியாக விளங்குவது பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் அவர்கள் தொகுத்த 'எபிகிராபியா கர்நாடிகா' என்னும் தொகுதியாகும். ரைஸ் அவர்கள் 1837 ஆம் ஆண்டில் இப்பெங்களூரிலேயே பிறந்தவர். மைசூர் அரசின் தொல்பொருள் துறைக்குத் தலைமை தாங்கியவர். 1886 முதல் 1905 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளை அச்சேற்றினார். ஒன்பதாம் தொகுதி பெங்களூர் மாவட்டத்திற்கும், பத்தாம் தொகுதி கோலார் மாவட்டத்திற்கும் உரியன; இரண்டும் 1905 ஆம் ஆண்டில் வெளிவந்தன.

அத்தொகுதியின் அமைப்பு நம் கருத்தைக் கவர்வது. கல்வெட்டுகள் ஒவ்வொன்றும் தாலுகா, ஹோபளி, ஊர் என்ற முறையில் அடுக்கப்பெற்றுள்ளன. கல் எங்கே உளது, கோயில் வாயிலிலா, ஏரிக்கரையிலா, ஊர்ப்புறத்து வயலிலா என்னும் குறிப்பு முதலில் வரும்; அதன் பின்னரே எழுத்தும் பொருளும் வரும். அறிஞர் இதனைக் கல்வெட்டுத் தொகுதி என்பர்; நடப்போர்க்கோ இது ஓர் ஆற்றுப்படை. ஆயினும் இது கையில் ஏந்தி நடக்கவொண்ணாத பெருநூல். நூலகங்களில் கிடைப்பது. ஆங்கிலம் கற்றாரன்றிப் பிறர் எளிதிற் பயன்கொள்ள இயலாதது. மேலும் 1905 ஆம் ஆண்டில் 'ஊர்க்குத் தெற்கே வயலில்' எனக் குறித்த இடத்தில் இன்று வயலும் இல்லை, ஊரின் தெற்கு எல்லையும் இல்லை, அடுக்குமாடிகள் நிற்கின்றன. அக்கற்களுட் பல எங்குச் சென்றன என்பதே தெரியாதபடி மறைந்தொழிந்தன. பெருநூலைப் பிழிந்து சிறுநூலாக்கி, இற்றைநாள் தெருப்பெயரோடு இணைத்துத் தருதலே நம் காலத்தின் தேவை.

இரண்டு காலை நடைகள்

அத்தகைய கையேடு ஒன்று இருக்குமாயின் அதனுள் எவ்வெவை இடம்பெறும் என்பதற்குச் சான்றாக, ஆஸ்டின் டவுனிலிருந்து புறப்படத்தக்க இரண்டு நடைகளை ஈண்டு உரைப்போம்.

முதல் நடை தோமலூருக்கு. இன்று கணினி அலுவலகங்களும் மேம்பாலமுமே தோமலூரின் அடையாளமாக நமக்குத் தோன்றுகின்றன. ஆனால் அங்குள்ள சொக்கநாதர் கோயில், சொக்கப்பெருமாள் எனப்பெறும் திருமாலுக்கு உரிய பழங்கோயில். அதன் தமிழ்க் கல்வெட்டுகள் இவ்வூரைத் தொம்பலூர் என்றும், தேசிமாணிக்கபட்டணம் என்றும் குறிக்கின்றன. தேசி என்பது நாடுதோறும் சென்று வாணிகம் செய்த வணிகர் குழுவைச் சுட்டும் சொல். பட்டணம் என்பது வணிக நகர். இன்று தொழிலகங்கள் செறிந்த அவ்வூர் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரும் வணிகப் பெயர் பூண்டிருந்தது என்பதை அவ்விடத்தே நின்று படிக்கும் சிறுவன் எளிதில் மறவான். கி.பி. 1270 ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு, அழகியார் என்பவர் வாயில் நிலைக்கால்கள் இரண்டினை அளித்த செய்தியைக் கூறுகின்றது. மற்றொன்று விண்ணமங்கலத்து ஏரியின் வருவாயைக் கணவனும் மனைவியுமாக இறைவனுக்கு அளித்ததைக் கூறுகின்றது. கி.பி. 1290 ஆம் ஆண்டைச் சேர்ந்த மற்றொன்று, போசள வீர இராமநாதன் தொம்பலூர் வருவாயிலிருந்து பத்துப் பொன் கோயிலுக்கு விட்டதைக் கூறுகின்றது. அங்கிருந்து அல்சூர் ஏரிப்பக்கம் திரும்பி, சோமேசுவரர் கோயிலையும் கண்டு வீடு மீளலாம்.

இரண்டாம் நடை மடிவாளத்திற்கு. ஓசூர்ச் சாலையின் இரைச்சலை ஒட்டிய அப்பகுதியில் சோமேசுவரர் கோயில் ஒன்று உளது. அதன் புறச்சுவர்களில் தமிழ் எழுத்தும் கிரந்த எழுத்தும் நிறைந்துள்ளன. கி.பி. 1247 ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு, வேப்பூரைச் சேர்ந்த ஒருவர் 'வெங்களூர்ப்' பெரிய ஏரியின் கீழ் உள்ள நிலத்தை அளித்ததைத் தெரிவிக்கின்றது. வேப்பூர் இன்றைய பேகூர். வெங்களூர் என்பது பெங்களூரேயாம். மற்றொரு கல்வெட்டில் தாமரைக்கரை என்னும் ஊர்ப்பெயர் வருகின்றது. அது அருகிலுள்ள இன்றைய தாவரெகெரெ என்பர் ஆராய்ச்சியாளர். நாள்தோறும் பேருந்தின் பலகையில் நாம் படிக்கும் பெயரின் உள்ளே தாமரைக் குளமொன்று மறைந்திருப்பதைக் கையேடு இல்லாமல் யார் நமக்குச் சொல்வார்?

நடை வல்லோர் மடிவாளத்திலிருந்து மேலும் தெற்கே பேகூர்வரை செல்லலாம். மற்றையோர் பேருந்தில் செல்லலாம். அங்குக் கங்கர் காலத்து நாகேசுவரர் கோயில் உளது. அவ்வூரில் ஏறத்தாழ கி.பி. 890 ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னட வீரக்கல்லில் 'பெங்களூர்ப் போர்' குறிக்கப்பெறுகின்றது. வேட்டைக்கு வந்த வீரபல்லாளனுக்கு ஒரு மூதாட்டி வெந்த பயறு அளித்தமையால் 'பெந்தகாளூரு' என்று இவ்வூர் பெயர் பெற்றது என்னும் கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கின்றோம். அவ்வரசனோ பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிக்கு வந்தவன். அவனுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு முன்னரே பெங்களூர் என்னும் பெயர் கல்லில் நின்றது. சுவையான கதையை ஒரு சிறு கல் எவ்வாறு திருத்துகின்றது என்பதைப் பிள்ளைகள் நேரிற் கண்டால், கேட்டதையெல்லாம் நம்பாது சான்று தேடும் பழக்கம் அவர்களுக்கு இயல்பாக வாய்க்கும்.

கல் கூறுவதும் கூறாததும்

இவற்றைக் கண்டு நாம் மகிழலாம், செருக்குறல் ஆகாது. சோழர் கி.பி. 1004 ஆம் ஆண்டளவில் தலைக்காட்டைக் கைப்பற்றிக் கங்கநாட்டை ஆளத் தொடங்கினர். 1116 ஆம் ஆண்டளவில் போசள விட்டுணுவர்த்தனன் அதனை மீட்டான். நாம் மேலே கூறிய 1247, 1270, 1290 ஆம் ஆண்டுகளின் தமிழ்க் கல்வெட்டுகள் யாவும் சோழர் ஆட்சி இங்கு முடிந்து நூறாண்டுக்கு மேல் கடந்த பின்னர் எழுந்தவை. கன்னட நாட்டில் தோன்றிய போசளர் குடியின் ஆட்சியில், அக்குடியின் அரசனது கொடையே தமிழில் பொறிக்கப்பெற்றது. வாளின் வலியால் இத்தமிழ் இங்கு நின்றதன்று. ஊரில் வாழ்ந்தோர் படித்தறியும் மொழியாக நின்றது என்று கொள்ளுதலே பொருந்தும். தமிழ்க் கல்வெட்டுச் சுவரும் கன்னட வீரக்கல்லும் ஒரே நாட்டுப்புறத்தில் அமைதியாக நிற்கின்றன.

கொடையளித்த அழகியாரும் வேப்பூராரும் நம் நேர் முன்னோர் என்றும் கல் கூறவில்லை. தண்டில் வந்து குடியேறிய நம் பாட்டன்மார் வரலாறு வேறு. அக்கற்களின் வரலாறு வேறு. இரண்டிற்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. 'இம்மண் எமக்கே உரியது' என்று வழக்காடுவதற்கு அக்கற்களைச் சான்றாகக் கொள்வோமாயின் கல்லையும் இகழ்ந்தோம், அண்டை வீட்டாரையும் இகழ்ந்தோம். 'இம்மண்ணில் எம் மொழியும் நெடுங்காலம் விருந்தாகவும் உறவாகவும் வாழ்ந்தது' என்று அறிந்து அடக்கத்தோடு நிமிர்ந்து நிற்பதற்கே அவை சான்று. நல்ல கையேடு இந்த எல்லையை மீறாது. கல்லில் உள்ளதைச் சொல்லும். இல்லாததை ஏற்றிச் சொல்லாது.

அறிதலே காவல்

இத்தகைய நூலினால் வரும் மற்றொரு பெரும்பயன் பாதுகாப்பு. கல்வெட்டுகளை அழிப்போர் பெரும்பாலும் பகைவர் அல்லர், அறியாதவர். சாலை அகலப்படுத்துவோர்க்கு அது ஒரு கல். வீடு கட்டுவோர்க்கு அது படிக்கட்டு. கோயிலைப் புதுப்பிப்போர்க்கு அது வண்ணம் பூசத்தக்க சுவர். அது யாது என்று அந்தத் தெருவில் வாழும் பத்துப் பேர் அறிந்திருந்தால் போதும், அக்கல் பிழைக்கும். 2018 ஆம் ஆண்டில் எப்பாளத்தில் கி.பி. 750 ஆம் ஆண்டளவினதான கிட்டய்யன் என்பானின் கன்னடக் கல்வெட்டு வெளிப்பட்டபோது, ஆர்வலரும் ஊராரும் முயன்று அதற்கென ஒரு மண்டபமே அமைத்துவிட்டனர். 1909 ஆம் ஆண்டில் தோன்றிய மிதிக் சொசைட்டி, 2021 ஆம் ஆண்டு முதல் பெங்களூர்ப் பகுதிக் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் படியெடுக்கும் பணியை மேற்கொண்டது. எழுத்துத் தேய்ந்தாலும் படி நிலைக்கும். எனினும் படி கணிப்பொறியில் நிலைத்தால் மட்டும் போதாது. கல் தெருவிலும் நிலைக்க வேண்டுமாயின் அதனைக் காணச் செல்லும் கால்கள் வேண்டும்.

கிழக்கே காடுகோடியில் உள்ள முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு, கி.பி. 1043 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இராசராச வேளான் என்னும் தலைவன் பட்டந்தூரில் ஏரி வெட்டி மதகு அமைத்ததை அது தெரிவிக்கின்றது. பட்டந்தூர் என்னும் பெயர் அப்பகுதியில் இன்றும் வழங்குகின்றது. நீருக்கு அல்லலுறும் இந்நகரில், ஓர் ஏரியின் வயது ஆயிரம் என்று கல்லே சாட்சி கூறுமாயின், அதனைத் தூர்க்க நினைப்பவனும் ஒருமுறை தயங்குவான். வரலாற்றறிவு வாழ்வுக்கு உதவாது என்பார்க்கு இஃதொன்றே தக்க விடை.

கையேடு எவ்வாறு அமைதல் வேண்டும்

அத்தகைய கையேடு நூறு பக்கங்களுக்கு மேற்படாது சட்டைப்பையில் அடங்குவதாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் புறப்படும் இடம், செல்லும் தெரு, திரும்பும் முனை, மீளும் பேருந்து ஆகியவை தெளிவாகக் குறிக்கப்பெறுதல் வேண்டும். கோயில் திறக்கும் நேரமும், காலணி கழற்றுமிடமும், படமெடுக்க இசைவு வேண்டுமா என்பதும் கூறப்பெறுதல் நன்று. கல்வெட்டில் வரும் பழைய எழுத்து வடிவங்களுக்கு ஒரு பக்க அட்டவணை இணைத்தால், பள்ளியில் தமிழ் பயிலாத நம் சிறார்கள் கல்லையே கரும்பலகையாகக் கொண்டு எழுத்தறிவு பெறுவர். ரைஸ் அவர்கள் காலத்தில் இருந்து இன்று காணப்பெறாத கற்களையும் 'காணவில்லை' என்று குறித்தல் வேண்டும். இழப்பை மறைக்கும் நூல் நல்வழிகாட்டி ஆகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, அந்நூல் தமிழிலும் கன்னடத்திலும் அடுத்தடுத்த பக்கங்களில் அமைதல் வேண்டும். கல்லைக் காக்கப்போகின்றவர் அந்தந்த ஊரார். அவர்கள் படித்தற்கியலாத நூல் அக்கல்லைக் காவாது.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. திங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்து இளைஞரும் தாய்மாரும் சிறாரும் ஒருங்கு கூடி ஓர் ஊருக்கு நடப்பது, கண்டதைக் குறிப்பது, கன்னட அன்பர் ஒருவரையும் கல்வெட்டறிந்த ஆசிரியர் ஒருவரையும் உடன் அழைத்துப் பிழை நீக்குவது. ஆண்டொன்றில் பன்னிரண்டு நடைகள் திரண்டால், அடுத்த ஆண்டு விழாவிற்குள் நூல் உருப்பெற்றுவிடும். ஆண்டு விழாவில் நாடகமும் இசையும் நடனமும் நிகழ்த்தி மகிழும் நம் சங்கம், இப்பணியையும் தன் கடமைகளுள் ஒன்றாக ஏற்றல் வேண்டும் என்பது எம் வேண்டுகோள்.

நம் பிள்ளைகள் நாளை எந்நாட்டில், எந்நகரில் வாழ்வார்களோ நாம் அறியோம். எங்குச் சென்றாலும் தாம் வாழும் மண்ணை நடந்து அறியும் பழக்கம் அவர்களோடு செல்லுமாயின், அவர்கள் எவ்வூரிலும் அயலார் ஆகார். நமக்கு முன் நடந்தவர்கள் கல்லில் எழுதி வைத்தார்கள். நாம் அதனைக் கண்டு, வழிகள் பிரியும் இடந்தோறும் நமக்குப் பின் வருவோர்க்குப் புல்லை முடிந்து வைப்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க அண்டை அயலாரோடு நம் ஒற்றுமை!